பிரேமா பார்க்காத முடிவு

பிரேமா சின்ன வயதில் பழவேற்காட்டில் பக்கத்து வீட்டு டிவியில் ஒரு படம் பார்த்தாள். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் எடுத்தது. விண்கலம் உடைந்து, சிவப்பு மணல் நிறைந்த ஏதோ ஒரு கிரகத்தில் ஒருவன் தனியாக மாட்டிக்கொள்கிறான். பேச்சுத் துணைக்குக் கம்பியை வளைத்து ஒரு பூனை செய்துகொள்கிறான். அவன் ஊர் திரும்பினானா என்று தெரிவதற்குள் கரண்ட் போய்விட்டது. படத்தின் பெயரும் அவளுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதிலிருந்தே கணவன் சுப்பராயனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டும் சுப்பராயன், பழைய படங்களைப் பற்றிப் பேசும் ஒரு முகநூல் குழுவில் அவள் சொன்னதையெல்லாம் எழுதிப் போட்டான். மழைக்காலம் முழுக்கப் பதிலே இல்லை. பொங்கல் கழிந்து யாரோ ஒருவர் லிங்க் அனுப்பினார். வேலைக்குப் போகும் ரயிலில் அதைத் திறந்தான். கம்பிப் பூனை வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடத்தான் நினைத்தான். பூனை வந்தது. மூட மனசு வரவில்லை. போகும்போது கொஞ்சம், வரும்போது கொஞ்சம் என்று இரண்டே நாளில் முழுப் படத்தையும் பார்த்துவிட்டான்.

பொன்னேரியில் இறங்கும்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக அவள் காத்திருந்த முடிவு, அவளுக்கு முன்னால் தனக்குத் தெரிந்துவிட்டது. எதையோ திருடியவன் போல வீட்டுக்குள் நுழைந்தான்.

"உன் படம் கெடச்சிருச்சி. நானும் இன்னும் பாக்கல," என்றான். அவள் கேட்காமலே சொன்ன பொய்.

ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் படம் பார்க்க வந்து உட்கார்ந்தாள். பூனையைக் கண்டதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குக் கை கூசியது. கடைசியில், மீட்க வந்த விண்கலம் மணலில் இறங்கியது.

"அப்பாடி, வந்துட்டாங்க," என்றாள்.

"இரு, அவன் ஏற மாட்டான்." வாய் தவறி வந்துவிட்டது.

பிரேமா திரும்பினாள். "நீ பாத்துட்டியா?"

"ரயில்ல… கொஞ்சம் பாக்கலாம்னுதான்…"

"அப்புறம் இன்னாத்துக்குப் பாக்கலன்னு சொன்ன?"

அவள் படத்தை நிறுத்தினாள். "பாத்துட்டேன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். பக்கத்துல குந்திக்கினு நடிச்ச பாரு, அதான் பேஜாரா கீது." எழுந்து போய்ச் சோறு போட்டாள்.

மீதியைப் போடச் சொல்லி அவள் கேட்கவில்லை. கூப்பிட அவனுக்கும் தைரியம் இல்லை. அந்த வாரத்திலேயே ஒருநாள், தோழி நர்மதா வீட்டுக்குப் போய்த் திரும்பியவளின் கண்கள் சிவந்திருந்தன.

"மீதியும் பாத்துட்டேன்," என்றாள்.

பூனையை எடுக்கத் திரும்பி ஓடியவனை விட்டுவிட்டு விண்கலம் கிளம்பும் இடத்தில் சுப்பராயனும் ரயிலில் அழுதிருந்தான். நீயும் அங்கேதான் அழுதாயா என்று கேட்க ஆசையாக இருந்தது. எந்த முகத்தோடு கேட்பது?

"டீ போடட்டா?" என்று மட்டும் கேட்டான்.

"போடு," என்றாள், அவனைப் பார்க்காமலே.