கூடத்தில் சாத்தி வைத்த படம்

1942 சித்திரை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. திருத்தணி மலையடிவாரத்தில், விவசாயியான தேசப்பன் தன் வீட்டின் பின்கட்டை அப்படி வந்த ஓர் அம்மாளுக்கு வாடகைக்கு விட்டார். பெயர் தமயந்தி. பழைய ஜமீன் குடும்பம். அவளோடு வண்டியில் ஆளுயரப் படம் ஒன்றும் வந்தது. பின்கட்டு வாசலில் அது நுழையவில்லை. நடுக்கூடத்துச் சுவரில் சாத்தி வைத்தார்கள்.

நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் எழுதிய படம். முத்து மாலையும் மூக்கில் பெரிய நத்துமாக ஒரு ஜமீன்தாரிணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒன்பது வயசு மகள். தாயின் கை மகளுடைய பாவாடையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

தேசப்பனின் மனைவி தாயாரம்மாள் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்த்தாள்.

“ஏம்மா துணியப் புடிச்சிகினு கீறாங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

“பொண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புற வாரம் எழுதினது. அது ஒரு இடத்துல நிக்கலையாம்” என்றாள் தமயந்தி.

“அப்புறம் பொண்ணு வந்து போச்சா?”

“இல்லை. ரெண்டு ஜமீனுக்கும் சண்டை. பொண்ணை அங்கேருந்து அனுப்பவே இல்லை. தாய் பதினோரு வருஷம் இந்தப் படத்துக்கு முன்னாலயே உட்கார்ந்திருந்து, அப்படியே போய்ட்டாங்க.”

அன்று தாயாரம்மாள் அரிசியை இரண்டு தடவை களைந்தாள். உலை கொதித்து வழிந்ததைக் கவனிக்கவில்லை. அவளுடைய ஒரே மகள் மணியம்மையை மணவூரில் கொடுத்திருந்தது. பெண்ணோடு அனுப்பிய ஜோடி மாட்டில் ஒன்று ஆறு மாசத்தில் செத்துப்போனது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் சம்பந்தி ஜெகநாதன், “நோய் மாட்டைத் தலையில கட்டிட்டான்” என்று நாலு பேர் காதுபடச் சொன்னார். இனி அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று தேசப்பன் மலையைப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஒன்பது மாசமாகப் பெண்ணைப் பற்றிச் சேதி இல்லை.

தேசப்பனோ படத்துக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட்டார். “இத்தத் திருப்பி வெச்சிடலாமா?” என்று கேட்டார். அன்று ராத்திரி தாயாரம்மாள் படுத்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி படுத்தாள்.

மறுநாள் அவர் கழனிக்குப் போனதும் தமயந்தியிடம் மட்டும் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டும். பட்டணத்திலிருந்து வந்த வண்டியில் ஜன்னல் வழியாகக்கூட ஆட்கள் இறங்கினார்கள். படுக்கை, ட்ரங்குப் பெட்டி, அண்டா, அழுகிற குழந்தைகள். பட்டணம் போகிற வண்டியிலோ ஆளே இல்லை.

“ஊரே இந்தப் பக்கம் ஓடியாருது. நீ எங்கம்மா போற?” என்றார் டிக்கெட் பார்க்கிறவர்.

“மணவூருக்குங்க. எம் பொண்ணு கீறா.”

காலிப் பெட்டியில் அவளால் உட்கார முடியவில்லை. கதவோரமே நின்றாள்.

மணியம்மை கிணற்றடியில் தவலையை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நிறைமாசத்துக்கு இன்னும் இரண்டே மாசம் இருக்கும். அம்மாவைப் பார்த்ததும் தவலையை இறக்கினாள்.

“யாரும்மா சொன்னது?”

“யாரும் சொல்லல” என்றாள் தாயாரம்மாள். தவலையைத் தானே தூக்கிக்கொண்டாள்.

உள்ளே மாமியார் ரத்தினம்மாள், “உங்க வூட்டுக்காரர் வந்து கூப்பிடட்டும்” என்றாள். மாப்பிள்ளை நாகராஜன் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அவரு வரமாட்டாரு. நான் வந்துகீறேன்” என்று தாயாரம்மாள் தரையில் உட்கார்ந்தாள். “அண்ணா, மாடு செத்ததுக்கு நாங்களும் காரணமில்ல, நீங்களும் காரணமில்ல. தலப்பிரசவம். இவள என்னோட அனுப்புங்க.”

ஜெகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார்.

“இட்டுனு போம்மா. ஆனா அந்த ஆளு வூட்டுக்கு நான் வரமாட்டேன்.”

திரும்பும்போது ஏறவே இடமில்லை. யாரோ இரங்கிக் கொடுத்த ஒரு சாண் பலகையில் மணியம்மையை உட்கார்த்தி, கூட்டம் அவள் மேல் சாயாதபடி தாயாரம்மாள் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். அரக்கோணம் வந்தபோது தோள் மரத்திருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தார்கள். வாசலில் நின்ற தேசப்பன் மனைவியைப் பார்க்கவில்லை.

“சாப்டியா?” என்று மகளைக் கேட்டார்.

“இல்ல நைனா.”

அவரே உள்ளே போய் இலையை எடுத்துப் போட்டார். மனைவியோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், “எப்படிகிறான் அந்த ஜெகநாதன்?” என்றார்.

“இளைச்சிப் போய்கீறாரு” என்றாள் அவள்.

ஆனி கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் தொட்டில் போட்டார்கள். ரத்தினம்மாளும் நாகராஜனும் வந்தார்கள். தேசப்பன் காலையிலிருந்து ஸ்டேஷன் ரோட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மத்தியான வண்டியும் வந்து போயிற்று. ஜெகநாதன் வரவில்லை.

“நாளைக்கி நான் மணவூர் போய்ட்டு வரேன்” என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார் தேசப்பன். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. தாயாரம்மாள்தான், “ஆங்” என்றாள்.