போவது ஒரு வாக்கியம்

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவோம். அவள் இந்த ஊர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த எட்டாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு எழுத்தும் பிடிபடாமல் எனக்குப் போன் செய்தாள்.

இந்த ஊர் மொழியில் எங்கள் குடும்பத்திலேயே நான்தான் புலி. பதினோரு வருடமாக சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறேன். 'பை வேண்டுமா', 'ரசீது வேண்டுமா', 'அடுத்த வரிசைக்குப் போங்கள்' ஆகிய மூன்றையும் நாக்கு தடுமாறாமல் சொல்வேன். அதற்கு மேல் யாராவது கேட்டால் புரியும், பதில் சொல்ல வராது. சிரித்துவைப்பேன். இது அக்காவுக்குத் தெரியாது. நானாகப் போய்ச் சொல்வேனா?

கடிதத்தில் 'குழந்தையின் நடத்தை குறித்துப் பேச வேண்டும்' என்றிருந்தது. பொடிசு இருந்தது ஆயத்த வகுப்பில். வெளியிலிருந்து வந்த பிள்ளைகளை ஒரு வருடம் அங்கே உட்காரவைத்து, மொழி கற்றுக்கொடுத்து, தேர்வு வைத்து மூன்றாம் வகுப்புக்கு அனுப்புவார்கள். தேறாவிட்டால் இன்னொரு வருடம் அதே பட அட்டைகள், அதே ஆப்பிள், அதே பூனை. பொடிசோ முதல் மாதத்திலேயே பூனையைக் கரைத்துக் குடித்துவிட்டாள். இடைவேளையில் மூன்றாம் வகுப்பின் கண்ணாடிக் கதவருகே நின்றபடிதான் டப்பாவைத் திறப்பாளாம். தேர்வுக்கு இன்னும் ஐந்தே வாரம்.

நானும் அக்காவும் போனோம். வகுப்பறையில் பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது. பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்ததில் என் முழங்கால் முகவாயைத் தொட்டது. எதிரே டீச்சர். பக்கத்தில் ஒருங்கிணைப்பு அதிகாரி என்று ஓர் அம்மாள். வந்தவர்களை இருப்பவர்களோடு சேர்த்துவைப்பது அவர் வேலை. அதற்கென்று தடித்த கோப்பு ஒன்றை மடியில் வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். பொடிசு நன்றாகப் படிக்கிறாள், கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் போன வாரத்திலிருந்து தினமும் மூன்றரை மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு டீச்சர் முன்னால் வந்து நின்று, இந்த ஊர் மொழியில் தெளிவாக, 'நான் போய் வருகிறேன்' என்கிறாள். போகிறாள். வருவதில்லை. முதல் நாள் டீச்சர் கதவைப் பூட்டாமல் ஒரு மணி நேரம் காத்திருக்கிறார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காவலாளியை அனுப்பித் தெருமுனைவரை தேடச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை, ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு பொடிசு சொன்னாளாம், "இதோ வந்துட்டேனே."

அதைக் கோப்பில் 'சொல்வதும் செய்வதும் பொருந்தவில்லை. கேட்டால் வாதிடுகிறாள்' என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இதை விளக்க ஒரு நிமிஷம் போதும் என்றுதான் வாயைத் திறந்தேன். எங்கள் வழக்கத்தில் வாசலில் நின்று போகிறேன் என்று சொல்ல மாட்டோம், 'போனவர்' என்றால் திரும்பி வராதவர், அதனால்தான் 'வருகிறேன்' என்று முடிப்போம், இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் பை, ரசீது, வரிசை மூன்றையும் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? இருக்கிற சொற்களைப் போட்டு ஒப்பேற்றினேன். செத்தவர்கள் போவார்கள், நாங்கள் போவதில்லை என்கிற மாதிரி ஏதோ வந்தது.

அதிகாரியின் முகம் கனிந்துவிட்டது. குழந்தையின் அப்பா எங்கே என்று மெல்லக் கேட்டார். அத்தானுக்கு வேறு ஊரில் வேலை. "போயிட்டார்" என்றேன். அந்த அம்மாள் தலைகுனிந்தார். அடடா, தப்பாகப் போகிறதே என்று அவசரமாக, "மாசம் ஒரு தடவை வருவார். சனிக்கிழமை" என்று சேர்த்தேன். அதிகாரி பேனாவை எடுத்தவர் ஒரு பக்கம் முழுக்க எழுதித்தான் வைத்தார். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அக்கா பக்கம் நகர்த்தினார். அக்காவுக்கு இரண்டு நாளாக ஜலதோஷம். மரியாதையாக ஒன்றை உருவி மூக்கைச் சிந்தினாள். டீச்சர் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் என்ன சொன்னார்கள் என்று அக்கா கேட்டாள். நல்ல பிள்ளை என்கிறார்கள் என்றேன். அதுவும் பொய்யில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பே கையெழுத்திட்ட அட்டை ஒன்று தபாலில் வந்தது. உங்கள் இழப்பில் பங்குகொள்கிறோம் என்று எழுதி, கீழே கறுப்பில் ஒரு பூ. அத்தான்தான் வாங்கிப் பிரித்தார். நல்ல மரியாதையான ஸ்கூல் என்று அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். திங்கட்கிழமை நானே போய், அவர் உயிரோடு இருக்கிறார் என்று டீச்சரிடம் சொன்னேன். அசடு வழிந்ததுதான் மிச்சம்.

அதிகாரி மட்டும் ஒன்றை விடவில்லை. போவது ஒரு வாக்கியம், வருவது ஒரு வாக்கியம், இரண்டும் சேர்ந்தால் பொருள் கெடும், வீட்டில் பிரித்துச் சொல்லப் பழக்குங்கள் என்றார். பழக்குகிற பொறுப்பு புலியின் தலையில் விழுந்தது. மாலை மாலை அக்கா சமையலறையில் இருக்கும்போது பொடிசை வாசலில் நிற்கவைத்து, போகிறேன் என்று சொல்லச் சொன்னேன். முதல் வாரம் அவளுக்கு வாய் வரவில்லை. போகி என்று இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு முடிப்பாள். மூன்றாவது வாரம் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது.

தேர்வில் ஒரு படம் காட்டினார்களாம். பையோடு ஒரு சிறுமி வாசலில் நிற்கிறாள், என்ன சொல்கிறாள்? பொடிசு, 'நான் போகிறேன்' என்றாள். முழு மதிப்பெண். கோப்பிலும் 'சொல்வதைச் செய்கிறாள்' என்று ஏறிவிட்டது. ஆயத்த வகுப்பின் கடைசி நாள் அவள் டீச்சரிடமும் அதையே சொல்லிவிட்டு நடந்தாள். டீச்சர் என்னிடம், இனி என்னைப் பார்க்க வரவே மாட்டாளா என்று கேட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சிரித்துவைத்தேன்.

மூன்றாம் வகுப்பின் முதல் நாள் காலை, கடைக்குப் போகிற வழியில் அக்கா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். பொடிசு பையை மாட்டி, ஷூ போட்டு, வாசலில் நேராக நின்றாள்.

"அம்மா, நான் போறேன்."

அக்கா கையிலிருந்த டப்பா மூடி கீழே விழுந்து உருண்டது. சொல்லிக்கொடுத்தவள் நானல்லவா? அக்கா வந்து கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஒழுங்கா சொல்லிட்டுப் போ."

"அப்படிச் சொன்னா பொய் சொல்றேன்னு எழுதிடுவாங்கம்மா."

"இங்க யாருடி எழுதுறா?"

"போறது ஒரு வாக்கியம். வர்றது ஒரு வாக்கியம். சேத்துச் சொல்லக்கூடாது. சித்திதான் சொல்லிக் குடுத்தாங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சுவர்க் கடிகாரம் எட்டேகாலைத் தாண்டிக்கொண்டிருந்தது. முதல் நாளே தாமதமானால் கோப்பில் ஒரு வரி கூடும். அக்கா கதவைவிட்டு நகரவில்லை.

"சரி. அப்ப அந்த ரெண்டாவது வாக்கியத்தை மட்டும் சொல்லிட்டுப் போ."

பொடிசு விட்டத்தைப் பார்த்தாள். தேர்வில் விடை தேடும்போது அப்படித்தான் பார்ப்பாள். அதில் தப்பு எதுவும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. மூன்றரைக்கு வரத்தானே போகிறாள்.

"வரேம்மா" என்றாள். அக்கா வழிவிட்டாள். படிகளில் தடதடவென்று சத்தம் இறங்கிப் போனது.

நானும் கைப்பையை எடுத்தேன். பதினோரு வருடமாகக் கடையை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் மொழியில் போகிறேன் என்றுதான் சொல்லிவருகிறேன். இலக்கணப்படி பிழையே இல்லை. ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பொடிசு தப்பாகச் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக ஒரு டீச்சர் கதவைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

அக்கா குனிந்து மூடியை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாசல்வரை போய்த் திரும்பினேன்.

"வரேன்கா."