பதினான்கு படிகள்

வெர்னன் டாகெட்டுக்கு அப்போது இருபத்தாறு வயது. போர் முடிந்து ஊர் திரும்பி, ஹாலிவுட்டில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் ஓவியனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பழைய ரொட்டிக் கிடங்கு ஒன்றின் மாடியில்தான் கம்பெனி. வெயில் நாளில் கூரைத் தகரம் காய்ந்து, வரைகிற தாளில் வியர்வை சொட்டும். இருந்தாலும் காலை முதல் மாலை வரை சிரிப்புச் சத்தம்தான். ஒருவன் வாத்து மாதிரி நடந்து காட்டுவான்; இன்னொருவன் சுவரில் மோதி விழுந்து காட்டுவான். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள் என்பதை எழுபது வயதிலும் வெர்னனால் நம்ப முடியவில்லை.

அந்த வசந்தத்தில் அவன் கைக்கு வந்தது ஒரு கரடி. ஏழு நிமிடப் படம். ஹோட்டலில் பரிமாறுகிற கரடி, ஆளுயரக் கல்யாணக் கேக்கைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்க வேண்டும். அதற்கு ஆகாத அணில் ஒன்று படியெல்லாம் சோப்பைத் தேய்த்து வைத்திருக்கும். கரடி விழுகிற காட்சி வெர்னனுடையது. மூன்று முறை வரைந்தான். மூன்று முறையும் டைரக்டர் மில்ட் ஃபென்விக் தாள்களைச் சரசரவென்று விரலால் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"விழுது, சரி. யாருய்யா விழறது?"

"கரடிதான், மில்ட்."

"கரடியா இது? உருளைக்கிழங்கு மூட்ட. மூட்ட விழுந்தா எவன் சிரிப்பான்?"

வெர்னன் தாள்களை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பினான்.

படங்களுக்குப் பின்புலம் தீட்டுகிறவர் ஆக்ஸல் ஹோம்பெர்க். ஸ்வீடன்காரர், ஐம்பதைத் தாண்டியவர், வாசலை அடைக்கிற உடம்பு. எந்த வெயிலிலும் டை கட்டாமல் வரமாட்டார். சத்தம் போட்டு அவர் பேசி யாரும் கேட்டதில்லை. மூன்று மணியானால் கீழே கடைக்குப் போய் எல்லோருக்கும் காபி வாங்கி ஒரே தட்டில் வைத்துத் தூக்கி வருவார்.

அன்று படியை அப்போதுதான் துடைத்துவிட்டிருந்தார்கள். காபித் தட்டோடு ஏறி வந்து மேல் படியில் கால் வைத்த ஆக்ஸல் வழுக்கினார். விழவில்லை; உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் அடுத்த படிக்கு இறங்கினார். அதற்கடுத்த படிக்கும். தட்டு மட்டும் தலைக்கு மேல் ஆடாமல் நின்றது. ஒவ்வொரு படியிலும் தொப்பென்று இடிக்கும்போது, "மன்னிக்கணும்" என்றார். படியிடம்தான். பதினான்கு படி, பதினான்கு மன்னிப்பு. கீழே போய்ச் சேர்ந்ததும் கோப்பைகளைப் பார்த்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஒரு கையால் டையைச் சரி செய்தார். பிறகு, அதற்காகவே காத்திருந்தது போல, தட்டோடு பக்கவாட்டில் சாய்ந்தார்.

மேலே நின்ற வெர்னனை அவர் நிமிர்ந்து பார்த்தார். வெர்னன் திரும்பி ஓடினான், தன் மேசைக்கு.

அவரைத் தூக்கியது மற்றவர்கள். முழங்கால் சில்லில் விரிசல் விழுந்திருந்தது. மூன்று வாரம் வீட்டில் கிடக்கும்படி ஆயிற்று.

புதிதாக வரைந்த தாள்களை மில்ட் புரட்டினார். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு முறை புரட்டினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பத் தெரியுது யாருன்னு. அவர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லிடாத. பெரிய மனுஷன், மனசு கஷ்டப்படும்."

வண்ணம் பூசுகிற பெண்கள் கரடிக்கு ஆக்ஸல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவருக்கு மட்டும் தெரியாது. அந்த மூன்று வாரமும் ஆளாளுக்குப் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார்கள். வெர்னன் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

பாஸடீனாவில் ஒரு தியேட்டரில் சனிக்கிழமைப் பகல் காட்சியில் படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். கைத்தடி ஊன்றிய ஆக்ஸலும் மனைவி சிக்னியும் வெர்னனுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கரடி முதல் படியில் உட்கார்ந்து "மன்னிக்கணும்" என்றது. அரங்கம் சிரித்தது. ஐந்தாவது படியில் குழந்தைகள் கத்தத் தொடங்கின. கரடி டையைச் சரி செய்தபோது சிக்னி எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஐயோ ஆக்ஸல்! இது நீதானே!"

வெர்னன் இருக்கைக்குள் புதைந்து போனான்.

வெளியே நடைபாதையில் ஆக்ஸல் அவனுக்காகக் காத்திருந்தார்.

"அன்னிக்கு என்னப் பாத்துட்டு ஓடினியே தம்பி, டாக்டரக் கூப்பிடத்தான் போறியோன்னு நெனச்சேன்."

"தப்புதான் ஆக்ஸல். பென்சில் எடுக்கத்தான் ஓடினேன். மறந்துடுமோன்னு பயம்."

"தெரியுது. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன்." கைத்தடியை மறு கைக்கு மாற்றினார். "ஆனா டாக்டருக்கும் சொல்லியிருப்பேன்."

"மன்னிக்கணும்" என்றான் வெர்னன். சொன்ன பிறகுதான் என்ன வார்த்தை சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ஆக்ஸலின் வயிறு முதலில் குலுங்கியது, பிறகு தோள், கடைசியில்தான் சத்தம் வந்தது. அவர் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

"என் கோபம் அதில்ல. படத்துல அந்தப் படிக்கட்டுச் சுவர்ல முன்னூறு பேரிக்காய் வரஞ்சேன். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. நீ கரடிய உருட்டின உருட்டுல ஒருத்தனாவது அதப் பாத்தானா?"

"நான் பாத்தேன்" என்றாள் சிக்னி.

"நீ என்னத்தான் பாத்த!"

எல்லோரும் கடையில் ஆப்பிள் பை பலகாரம் சாப்பிடலாம் என்று கிளம்பினார்கள். ஆக்ஸல் எப்படி நடப்பார் என்று மில்ட் நடந்து காட்டினார். சரியாக வரவில்லை. வண்ணப் பெண்களில் ஒருத்தி முயன்றாள். "வயித்த முன்னால விடுங்கம்மா, கால் தானா வரும்" என்று கைத்தடியால் தரையைத் தட்டித் தாளம் போட்டார் ஆக்ஸல்.

இரண்டு வருடத்தில் கம்பெனி கைமாறியது. ஆளுக்கொரு திசையில் போனார்கள்; யார் முதலில் போனார், யாருக்குக் கடிதம் போடாமல் விட்டோம் என்பதெல்லாம் வெர்னனுக்கு இப்போது கலங்கலாகத்தான் இருக்கிறது. அந்த மாலை மட்டும் தெளிவாக இருக்கிறது. மஞ்சள் வெயில். ஒன்பது பெரியவர்கள், வெறும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, இல்லாத கேக்கை ஏந்திக்கொண்டு, வயிற்றைத் தள்ளியபடி வரிசையாக நடக்கிறார்கள். முனையில் நின்ற போலீஸ்காரர் கையை நீட்டி மறிக்கிறார்.

"என்னய்யா பண்றீங்க எல்லாரும்?"

"வேலை செய்யறோம் சார்" என்கிறார் மில்ட்.

போலீஸ்காரர் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, ஒதுங்கி வழிவிடுகிறார்.