ஆம்ப்ரோஸுக்குத் தோகை முளைத்தது

ஆம்ப்ரோஸ் டில்லட்டின் வசைக்கவிதை அச்சாகி வந்த வியாழக்கிழமை, லண்டன் பெண்கள் முகத்தில் பூசியிருந்த வெள்ளைப் பூச்சு மொத்தமும் வழிந்து கழுத்துக்கு இறங்கிவிட்டது. யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. முந்தைய கவிதையில் அவர் தீனிப்பண்டாரங்களை வைதபோது நகரசபைக்காரர் ஒருவரின் நிழல் பன்றியாகி அவர் பின்னாலேயே உறுமிக்கொண்டு திரிந்தது. லஞ்சம் வாங்கிய நீதிபதிக்கு உள்ளங்கையில் மயிர் முளைத்தது. ஊர் சிரித்தது, ஆம்ப்ரோஸுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய தேவாலயத்து முற்றத்துப் புத்தகக் கடைகள் பக்கம் போனால் நாலு பேர் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் மனுஷன் எழுதினார், மறைப்பானேன்.

பூச்சுக்காரிகளை வைதபோது தன் வீட்டிலும் ஒருத்தி பூசுகிறாள் என்பது அவருக்கு நினைவே வரவில்லை. அவர் மனைவி தாமசினுக்குச் சின்ன வயதில் பெரியம்மை வந்து முகமெல்லாம் குழி. இப்போது எதைப் பூசினாலும் நிற்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, சீமாட்டிகளின் கழுத்துப்பட்டைகளுக்குக் கஞ்சி போட்டபடி உள்ளேயே கிடந்தாள். அந்தக் காலத்தில் கட்டாயமாயிருந்த ஞாயிறு ஆராதனைக்கும் போகவில்லை. கோயில் விசாரணைக்காரர் வந்து, இந்த ஞாயிறும் வராவிட்டால் தண்டனையாக வெள்ளைத் துணி போர்த்திச் சபை முன்னால் நிறுத்துவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தனை பேர் முன்னால், அந்த வெறும் முகத்தோடு. தாமசின் அழுதாள்.

ஆம்ப்ரோஸ் மன்னிப்புக் கேட்டார். அவள் கஞ்சிச் சட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஊர்ல ஒருத்தரையும் விட்டு வைக்கல நீங்க. ஒரே ஒரு ஆளப் பத்தித்தான் எழுதவே இல்ல.”

“யாரு?”

“கண்ணாடியில போய்ப் பாருங்க.”

அன்றே எழுத உட்கார்ந்தார். ஊர் தன்னைப் பார்க்கவேண்டும் என்பதற்காக ஊரையே குத்திக் கிழித்த ஒருவனைப் பற்றி, தன் பெயரைப் போட்டே எழுதினார். சனிக்கிழமை அது விற்பனைக்கு வந்தது. மதியத்துக்குள் அவருடைய கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு ஆள் நீளத்துக்கு மயில்தோகை முளைத்துவிட்டது.

ஞாயிறன்று தாமசின் வாசற்படியில் தயங்கி நின்றாள். ஆம்ப்ரோஸ் முன்னால் இறங்கித் தோகையை விரித்தார். தெரு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அவர் காது சிவந்துபோயிற்று, ஆனாலும் மடக்கவில்லை. கோயில் போய்ச் சேரும்வரை ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ரொம்பக் கூச்சமா இருக்கா?” என்றாள், பக்கத்தில் உட்கார்ந்து.

“உயிரே போகுது.”

“எனக்குப் பிடிச்சிருக்கு,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் வசைநூல்களை எரிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. எரித்த அன்றே பூச்சு ஒட்ட ஆரம்பித்தது, பன்றி நிழலும் மறுபடி மனித நிழலாயிற்று. ஆம்ப்ரோஸின் கடைசிக் கவிதையை மட்டும் ஊரே மனப்பாடம் செய்திருந்ததால் தோகை உதிரவில்லை. தாமசின் அப்புறம் பூச்சு வாங்கவே இல்லை. மழை நாட்களில் சேறு படாமல் தோகை நுனியைத் தூக்கிப் பிடித்தபடி, வெறும் முகத்தோடு அவர் பின்னால் நடப்பாள். எதிரே வருகிறவர்கள் இருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, இந்த மழை எப்போது விடும் என்று கேட்டபடி போவார்கள்.