கயிறில்லாத முளை

கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பத்து நாளாகியும் செவலை நாய் முளைக்குச்சியை விட்டு ஆறடி தாண்டவில்லை. ஒரு செங்கல் சூளையில் ஆறு வருஷம் ஆறடிச் சங்கிலியில் அடிபட்டுக் கிடந்த நாய் அது. தியாகதுருகத்தில் நாய்களை மீட்டு வளர்க்கக் கொடுக்கும் இளமாறன்தான் அதைக் கச்சிராயபாளையத்துக்குக் கொண்டுவந்தான். ராமசாமி வீட்டு வாசலுக்கு முப்பதடி தள்ளி முளையடித்துக் கட்டி, மறுநாள் அவிழ்த்துவிடச் சொல்லிப் போனான். அவிழ்த்தார்கள். அந்தப் படுபாவிகள் போட்ட சங்கிலி அதன் மண்டைக்குள்ளேயே இருந்தது யாருக்குத் தெரியும்!

தொட்டால் கடித்தது. மேலே தார்ப்பாய் கட்டினால், அது காற்றில் படபடத்ததும் நடுங்கி மூத்திரம் போனது. புரட்டாசியில் பெய்த ஒரு மழையில் அப்படியே நின்று நனைந்து காய்ச்சலில் விழுந்தது. இன்னொரு தடவை நனைந்தால் பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் கையை விரித்துவிட்டார். ஐப்பசி மழைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் நாய் வீட்டுக்குள் வந்தாக வேண்டும்.

ராமசாமிக்கு எதிலும் அவசரம். முளை இருப்பதால்தானே நிற்கிறது என்று ஒரு காலையில் அதைப் பிடுங்கிக் கரும்புத் தோட்டத்தில் வீசினார். பெரிய உபகாரம் செய்த நினைப்பு! செவலை அந்தக் குழியை மோந்து, காலால் பறித்து, ஊளையிட்டது. அன்று முழுக்கச் சோறு தண்ணீர் தொடவில்லை.

சாயங்காலம் களை வெட்டிவிட்டு வந்த மனைவி கண்ணகி முளையைத் தேடி எடுத்தாள். பழைய குழியிலிருந்து ஒரு முழம் வாசல் பக்கமாக அடித்தாள்.

“கயிறே இல்லாத நாய்க்கி இன்னாத்துக்கு முளை?”

“மாட்டுக்கு இன்னா பண்றோம்? ஒரு எடத்துல மேஞ்சி முடிஞ்சா முளைய மாத்தி அடிக்கிறோம் இல்ல? அதாங்க.”

அன்றிலிருந்து தினமும் ஒரு முழம். முளையை மெல்ல ஆட்டிப் பிடுங்குவாள், அடிப்பாள், நாய் வந்து மோந்து பார்க்கட்டும் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். “எந்த வருஷ தீபாவளிக்கு வூட்டுக்குள்ள வரும்?” என்று ராமசாமி கிண்டல் செய்தார். ஆனால் கையெல்லாம் கொப்புளத்தோடு வருகிறவள் குடிக்கத் தண்ணீர்கூட எடுக்காமல், நாயின் கால்தடம் எதுவரை வந்திருக்கிறது என்று முதலில் குனிந்து பார்ப்பதை அவர் கவனித்தார். கிண்டல் நின்றது. சத்தியமாக இந்தப் பொறுமை தனக்கு வராது. இருபது வருஷம் குடித்தனம் நடத்தியும் இவளைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

இன்னும் ஆறு முழம் பாக்கி இருந்தபோது, ஒரு மத்தியானம் கல்வராயன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கண்ணகி வேலைக்குப் போன கொல்லைக்காடு வெகுதூரம். முதல் தூறல் விழுந்ததும் செவலை முளையோடு ஒட்டி நின்றது.

ஒரு தடவை பிடுங்கி அவர் பட்டது போதாதா? ஆனாலும் வேறு வழியில்லை. அவள் செய்வது போலவே மெல்ல ஆட்டிப் பிடுங்கினார். நுனி தரையில் இழுபட, திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார். பின்னால் ஊளை கேட்டது. பிறகு ஈரமண்ணில் காலடி கேட்டது.

உள்ளே சிமெண்டுத் தரை. எங்கே அடிப்பது? நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முளையைத் தரையில் ஊன்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தலையில் கோணிப்பையோடு ஓடிவந்த கண்ணகி, வெறும் வாசலைப் பார்த்து “ஐயோ” என்றாள். கதவருகே வந்ததும் நின்றாள். செவலை அவருக்கு ஆறடி தள்ளிச் சுருண்டு படுத்திருந்தது.

“கத்தாத. இப்பத்தான் கண்ண மூடிச்சி.”

“எவ்ளோ நேரமா இப்டியே குந்திக்கினு இருக்கீங்க?”

“மழ புடிச்சதுலருந்து. கையி மரத்துப் போச்சி.”

“குடுங்க, நான் புடிச்சிக்கிறேன்.”

“வாணாம். இத்தினி நாளு நீ ஒண்டியா பண்ண. இன்னிக்கி நான் குந்திக்கினு இருக்கேன். போயி தலையத் தொவட்டு.”