மூடியைத் திறக்காதே

என் மனைவி ஆர்டிஸ் செத்துப்போன அன்று இரவுச் சாப்பாடு சரியான நேரத்துக்குத் தயாராகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவளுடைய கோட்டையும் கைப்பையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க மாட்டுக்கறி வேகும் வாசனை. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஸ்லோ குக்கர் என்கிற மின்சாரச் சட்டியில் எல்லாவற்றையும் போட்டு, சூட்டைக் குறைத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளின் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாளாம். அவ்வளவுதான். சட்டிக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அது தன் பாட்டுக்கு வேகவைத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் ‘டிக்’ என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு எரிந்தது. வெந்தாயிற்று, இனி சூடு ஆறாமல் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து சாப்பிடுங்கள் என்று அர்த்தம்.

எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. எனக்குச் சர்க்கரை வியாதி. கால் பெருவிரல் இரண்டிலும் உணர்ச்சி கிடையாது. டாக்டர் ஒரு நைலான் இழையால் குத்தி, தெரிகிறதா என்று கேட்பார், தெரியாது. அன்றைக்கு அந்த மரப்பு காலிலிருந்து ஏறி உடம்பு முழுக்கப் பரவிவிட்ட மாதிரி இருந்தது. எங்கே குத்தியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அந்தச் சட்டி எங்கள் வீட்டுக்கு வந்ததே இந்த வியாதியால்தான். இன்னும் கொஞ்சம் ஏறினால் தினமும் ஊசிதான் என்று டாக்டர் சொன்ன மறுநாளே, வீட்டிலிருந்த ரொட்டி, நூடுல்ஸ், சோளம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கித் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டாள் ஆர்டிஸ். மினசோட்டாக்காரனிடமிருந்து உருளைக்கிழங்கைப் பிடுங்குவது என்ன நியாயம்? ஆயுசில் பாதி, பனி தள்ளும் லாரியை ஓட்டியவன் நான். உருளைக்கிழங்கில் ஓடிய உடம்பு இது. அவளோ பகலெல்லாம் ஊர்ப்பிள்ளைகளுக்கு மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டி கரண்டியாக அள்ளி வைப்பாள். வீட்டுக்கு வந்தால் எனக்குக் காலிஃபிளவரை மசித்து, மேலே வெண்ணெயைப் போட்டு நீட்டுவாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கிறவள் புருஷனைப் பட்டினி போடுகிறாள் என்று நான் போகிற இடமெல்லாம் புலம்பினேன்.

எல்லாவற்றிலும் கொடுமை முள்ளங்கி. சின்னச் சின்ன சிவப்பு முள்ளங்கியைக் கறிக்கு அடியில் போட்டு நாள் முழுக்க வேகவிட்டால், காரம் போய், நிறம் போய், வெளுத்துக் கிடக்கும். பார்வைக்கு உருளைக்கிழங்கேதான்.

“கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடு கிழவா. உருளைக்கிழங்குன்னே நெனச்சுக்கோ.”

“கண்ண மூடினா நீகூடத்தான் சினிமாக்காரி.”

“அப்ப மூடியே வச்சுக்கோ. எனக்கும் சௌகரியம்.”

அந்தச் சட்டிக்குக் கண்ணாடி மூடி. வேகும்போது அதைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஆவியெல்லாம் போய்விடும், மறுபடி சூடேற அரைமணி பிடிக்கும் என்பது ஆர்டிஸின் வேதம். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் திறந்து பார்ப்பேன். மரக்கரண்டியால் மணிக்கட்டில் ஒன்று விழும்.

“மூடியத் திறக்காதேன்னு எத்தன தடவ சொல்றது? நீ எட்டிப் பாத்தா சீக்கிரம் வெந்துடுமா?”

அவள் சாவதற்கு முந்தின நாள் நாங்கள் கிளினிக் போயிருந்தோம். என்னுடைய சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. நர்ஸ் கைதட்டினாள். காரில் திரும்பும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

“அதான் எறங்கிடுச்சே. ஒரே ஒரு உருளைக்கிழங்கு.”

“ஒரு தடவ எறங்கினதுக்கே ராஜா ஆயிட்டியா? அடுத்த தடவயும் எறங்கட்டும், பாக்கலாம்.”

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் அவள் கிளம்பியபோது தூங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் விடிவதற்குள் கண்ணாடித் தட்டுகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். அடியில் கொத்துக்கறி, அதன்மேல் டப்பா சூப்பு, அதற்கும் மேல் வரிசை வரிசையாகப் பொரித்த உருளைக்கிழங்கு. இல்லாவிட்டால் நூடுல்ஸும் சீஸும். வாயைத் திறந்து ஆறுதல் சொல்ல வராத ஜனங்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் தட்டில் சுட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ரோடெல்லாம் வழுக்குது, பாத்துப் போங்க” என்று என்னவோ நான்தான் கிளம்புகிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார்கள். தட்டைத் திருப்பிக் கொடுக்க வசதியாக அடியில் டேப் ஒட்டிப் பேர் எழுதியிருக்கும். எனக்குச் சர்க்கரை என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் சாவு வீட்டுக்குக் காலிஃபிளவரைக் கொண்டுபோக எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

ஆக, இரண்டு வருஷமாக நான் ஏங்கிய உருளைக்கிழங்கு வீடு கொள்ளாமல் கிடந்தது. கையைப் பிடிக்க ஆளில்லை. தட்டு நிறையப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ருசியே தெரியவில்லை. உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஈர அட்டையை மென்று விழுங்குகிற மாதிரி இருந்தது. மரப்பு நாக்குக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தட்டு போட்டுக்கொண்டேன்.

டென்வரிலிருந்து வந்திருந்த என் மகன் டாரின் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“போதும்ப்பா. அம்மா இருந்தா இப்படித் தின்ன விடுவாங்களா?”

“இல்லையே” என்றேன்.

அவன் திரும்பிக்கொண்டு, தட்டுகளை அடுக்க இடம் பண்ணுவதற்காக ஃப்ரிட்ஜைக் காலிசெய்ய ஆரம்பித்தான். சும்மா நிற்கத் தெரியாது அவனுக்கு. அம்மா மாதிரி.

“என்னப்பா இது, பாதி உருளைக்கிழங்கு? பிளாஸ்டிக் சுத்தி வச்சிருக்கு. வெட்டின பக்கமெல்லாம் கறுத்துப்போச்சு.”

“யாராவது கொண்டுவந்து வச்சிருப்பாங்க. தூக்கிப் போடு.”

போட்டான்.

எதிர்வீட்டு மார்லிஸ்தான் எங்கள் தேவாலயத்தில் சாவுச் சாப்பாட்டுக்குத் தலைவி. ஊரில் யார் செத்தாலும் பன்றித்தொடை சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவுவது அவள் தலைமையில்தான். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தவள் என் சமையலறையில் கண்ணில் பட்டதையெல்லாம் கழுவினாள். கழுவாத கப் இல்லை என்றானதும் சட்டிப் பக்கம் வந்தாள்.

“இதையும் காலி பண்ணிக் கழுவிடட்டுமா, ஓர்லின்? நாளாயிடுச்சே. உள்ள என்ன கதியில இருக்கோ.”

“கைய எடுங்க.”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்...” கை மூடியின் குமிழுக்குப் போய்விட்டது.

“மூடியத் திறக்காதீங்கன்னு சொல்றேன்ல!”

நான் கத்தி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. மார்லிஸ் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். “சரி, தொடல. சத்தியமா தொடல” என்று மட்டும் சொன்னாள். அவள் போனபிறகு டாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“எத்தன நாளைக்குப்பா இப்படியே வச்சிருக்கப் போறீங்க? ஒண்ணு சாப்பிடுங்க, இல்ல கொட்டிடலாம்.”

“ரெண்டும் வேணாம்.”

அவனுக்கு எப்படிச் சொல்வது? அது அவள் சமைத்த கடைசிச் சாப்பாடு. சாப்பிட்டால் தீர்ந்துவிடும். கொட்டினால் அவளையே கொட்டிவிட்ட மாதிரி. பச்சை விளக்கு எரிகிறவரைக்கும் அவள் தொடங்கிவைத்த வேலை ஒன்று இந்த வீட்டில் இன்னும் முடியாமல் இருக்கிறது. அது அணையக் கூடாது. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

“அடக்கம் முடியட்டும். அப்புறம் நானே கொட்டிடுறேன்” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அவனுக்காவது வருகிறதே.

அடக்கம் நடந்தது. பாதிரியார் நன்றாகத்தான் பேசினார். தேவாலயத்தின் நிலவறையில் எல்லோரும் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வருஷம் பனி எப்போது உருகும் என்று என்னிடம் கேட்டார்கள். பனி தள்ளியவன் என்பதால் அது எனக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஏப்ரல் ஆகும் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் நுழைந்ததும் என் கண் விளக்கைத்தான் தேடியது. எரியவில்லை. சட்டிக்குப் பக்கத்தில் தேவாலயத்துப் பெரிய காபிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் வந்து காத்திருந்த மார்லிஸ் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

“சட்டிய நான் தொடவே இல்ல, ஓர்லின். ஒயர மட்டும்தான் உருவினேன். வீட்டுக்கு வர்றவங்களுக்குக் காபி போடணுமேன்னு காலையிலேயே வந்து மாத்திட்டுப் போனேன். வேற பிளக் இல்ல.”

வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறாள். என்ன சொல்லித் திட்டுவது? கையை வைத்துப் பார்த்தேன். சட்டி சில்லென்று இருந்தது.

“குடுங்கப்பா, நான் பாத்துக்கறேன்” என்று டாரின் அதைத் தூக்க வந்தான்.

“அந்தண்ட போ.”

சட்டியை மேஜைக்குக் கொண்டுவந்து வைத்து, உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். மணிக்கட்டில் எதுவும் விழவில்லை. உள்ளே கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. ஒரு ஸ்பூனை விட்டுக் கறியைப் பிய்த்து வாயில் போட்டேன்.

“வேணாம்ப்பா. ஆறிப்போச்சு. வயித்தக் கெடுத்துடும்.”

கெடுக்கட்டும். கறி நார் நாராக இருந்தது. ருசி இல்லை. அதே ஈர அட்டைதான். இவ்வளவு நாள் காத்துவைத்தது இதற்குத்தானா என்று இருந்தது. இருந்தாலும் அவள் கையால் செய்தது, தின்றுதான் ஆகவேண்டும் என்று ஸ்பூனை அடிவரைக்கும் விட்டேன். வெளுத்த உருண்டை ஒன்று வந்தது. சனியன் பிடித்த முள்ளங்கி. வாயில் போட்டுக் கடித்தேன்.

முள்ளங்கி இல்லை.

முள்ளங்கி கடித்தால் தண்ணீர் விடும். இது மாவாக உதிர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உப்பு தெரிந்தது. மிளகு தெரிந்தது. கறிச்சாறு ஊறிய ருசி தொண்டை வரைக்கும் இறங்கியது. சட்டிக்குள் கையை விட்டே துழாவினேன். முள்ளங்கிகளுக்கு நடுவில் இன்னும் மூன்று துண்டு. முள்ளங்கி அளவுக்கே நறுக்கி, முனையெல்லாம் சீவி உருட்டி, பார்த்தால் கண்டுபிடிக்க முடியாதபடி போட்டிருந்தாள். நான் வழக்கம்போல் முனகிக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டு திருதிருவென்று விழிப்பேன். எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று இருந்திருக்கிறாள்.

நாலு துண்டு என்றால் பாதிக் கிழங்கு. முழுசாகப் போட்டிருந்தால் அது ஆர்டிஸ் இல்லை. அப்படியானால் மீதிப் பாதி?

செருப்புகூடப் போடாமல் கார் நிறுத்தும் கொட்டகைக்கு ஓடினேன். குப்பைத் தொட்டியைச் சாய்த்து நூடுல்ஸையும் அலுமினியத் தாளையும் இரண்டு கையாலும் வாரி வெளியே போட்டேன். டாரின் பின்னாலேயே ஓடி வந்தான்.

“என்னப்பா தேடுறீங்க?”

“பாதி உருளைக்கிழங்கு. நீ தூக்கிப் போட்டியே.”

“அது எதுக்குப்பா இப்ப?”

“உங்கம்மா வச்சது. எனக்குன்னு வச்சது.”

அதைச் சொன்னதும்தான் அழுகை வந்தது. குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதேன். இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, எல்லாம் சேர்த்து வந்தது. டாரின் சாவுக்கென்று போட்டிருந்த கறுப்புக் கோட்டோடு மண்டிபோட்டு மறுபக்கத்திலிருந்து துழாவ ஆரம்பித்தான். அவன் கைக்குத்தான் அகப்பட்டது.

“இந்தாங்கப்பா.”

பிளாஸ்டிக் பிரியவில்லை. வெட்டிய பக்கம் மட்டும்தான் கறுப்பு. சமையலறைக்குக் கொண்டுவந்து கத்தியால் அதைச் சீவினேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. மார்லிஸ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது எங்க வீட்டுக் கெழங்கு. கிளினிக் போயிட்டு வந்த அன்னிக்குச் சாயங்காலம் வந்து கேட்டா. பை நெறையத் தரட்டுமான்னேன். ஒண்ணு போதும், கெழவன் கிட்ட சொல்லிடாதன்னா. மூஞ்சத் தூக்கி வச்சிருக்கான், பாக்கப் பாவமா இருக்குன்னா.”

நான் தலையை ஆட்டினேன். மேஜையில் இருந்த மூன்று துண்டையும் தின்றேன். மீதிக் கறியை நானே கொட்டி, சட்டியை மார்லிஸிடம் நீட்டினேன். அவள் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். பாதிக் கிழங்கை உள்ளே வைத்து, கொஞ்சம் தண்ணீர், ஒரு கட்டி வெண்ணெய், உப்பு போட்டு மூடினேன். யாரும் சொல்லாமலே மார்லிஸ் காபிப் பானையின் ஒயரை உருவினாள்.

“இவ்ளோ பெரிய சட்டியில பாதிக் கெழங்கா? அடுப்புல வச்சா உடனே வெந்துடுமே ஓர்லின்.”

“அவசரமில்ல.”

சிவப்பு விளக்கு எரிந்தது. நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து காபி குடித்தோம். கொஞ்ச நேரம் கழித்து டாரின் எழுந்து போய்ச் சட்டியிடம் நின்றான். கண்ணாடியில் ஆவி படிய ஆரம்பித்திருந்தது. அவன் கை மூடியின் குமிழுக்குப் போனது.

“மூடியத் திறக்காதே” என்றேன். “நீ எட்டிப் பாத்தா சீக்கிரம் வெந்துடுமா?”