எண்ணாமல் விட்ட ஓடுகள்

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவருக்கு ஒரு பழக்கம்: எதையும் விடமாட்டார். ஒரு எல்லைக்கல் விட்டுப்போனாலும் இரண்டு குடும்பம் மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை அது. இருபது வருடப் பழக்கம் சும்மா போகுமா?

நர்ஸாக இருக்கும் அவர் மனைவி அன்று நாலு மணி பஸ்ஸில் கிளம்புகிறாள். வெளியூரில் ஒரு வருடப் பயிற்சி. "சமையல்ரூம் ஜன்னல்ல தெரியறத வரைஞ்சு குடுங்க, அங்க மாட்டிக்கறேன்" என்று ஒரே ஒரு ஆசைதான் கேட்டிருந்தாள். மனுஷர் ஒரு வாரத்தில் ஆறு தாளைப் பாழாக்கியிருந்தார். மணி இரண்டாகிவிட்டது.

ஆறாவது தாளை அவள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல மலை எங்க?"

"இதோ, இந்த ஓட்டுக்கூரைக்குப் பின்னால."

"கூரையில எத்தன ஓடு?"

"முன்னூத்திப் பன்னண்டு" என்றார் பெருமையாக.

"கிழிஞ்சுது போங்க! மலையக் கேட்டா ஓட்டுக் கணக்கு சொல்றீங்க!"

சிரித்தாள்தான், ஆனால் முகம் வாடிவிட்டது. வெறுங்கையோடு அனுப்பப்போகிறோமே என்று அவர் ஆறாவது தாளையும் ஓரமாகத் தள்ளினார்.

எரிச்சலில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிவிட்டு வெளியே பார்த்தார். அடடா! ஓடும் இல்லை, இலையும் இல்லை. மலை ஒரு முக்கோணம், கூரைகள் நாலு சாய்ந்த பட்டை, மரம் ஒரு உருண்டை, சாலை வளைந்த ஒரு கோடு. இவ்வளவுதானா?

"இத நீயே வச்சுக்க. கெஞ்சினாலும் தராத!" என்று கண்ணாடியை அவள் கையில் திணித்தார்.

ஏழாவது தாளில் மளமளவென்று மலை எழுந்தது. ஒரே ஒரு ஓடாவது போடலாமே என்று கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினார். ஆனால் எல்லாமே வழவழவென்று இருந்தால் கண் எங்கே போய் நிற்கும்?

"கொஞ்சம் கண்ணாடியக் குடு. ஒரே ஒரு எடத்துக்குத்தான்."

பென்சிலைக் கூராகச் சீவி, தாளில் சாலை முடியும் இடத்தின்மேல் குனிந்து கால் மணி நேரம் என்னவோ செய்தார்.

மூன்றரைக்கு அவள் தாளை வாங்கினாள். பார்த்ததுமே மலை தெரிந்தது. அங்கிருந்து பார்வை சாலையோடு இறங்கி, பஸ் ஸ்டாப்பில் நின்றது. பெஞ்சின் பலகைகள், ஆணிகள், அதன்மேல் நகத்தளவில் ஒரு ஆள்.

"யாரு இது?"

"நான்தான். நீ திரும்பி வர்ற பஸ்ஸுக்கு உக்காந்திருக்கேன்."

"தலையில மூணு முடி வேற போட்டிருக்கீங்க!"

"இருக்கறதே அவ்வளவுதான். அதையும் விடச் சொல்றியா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"வருஷம் பூரா அங்கயே உக்காந்திராதீங்க. வேளைக்குச் சாப்பிடுங்க."

தாளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு பூட்டைத் திறந்து, அதை வெளியே எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.